ஆட்டமும் பந்தயமும் ஒரே திரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் உரிமம் பெற்ற பந்தய நிறுவனம் ஒன்றின் செயலியில், கால்பந்து நேரலையும் பந்தயமும் சேர்ந்து வரும் பக்கத்தை வடிவமைத்த குழுவில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது அங்கே இல்லை. ஆனாலும் இந்த வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்று மாதத்துக்கு நாலு பேராவது கூப்பிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்களில் பிரிட்டனும் கால்பந்துமே அதிகம் வரும். நான் பக்கத்திலிருந்து பார்த்தது அதைத்தான்.

முதலில், இந்தத் திரை எப்படி இருக்கும்?

கைபேசியை நேராகப் பிடித்தால் மேலே மூன்றில் ஒரு பங்கு வீடியோ. அதன் கீழே ஸ்கோரும் ஆட்ட நேரமும். அதற்கும் கீழே பந்தயப் பட்டியல்: யார் ஜெயிப்பார்கள், அடுத்த கோல் யாருக்கு, மொத்தம் எத்தனை கார்னர் என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் இருக்கும். அதுதான் ஆட்ஸ், ஜெயித்தால் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற கணக்கு. அதைத் தொட்டால் அடியிலிருந்து பெட் ஸ்லிப், அதாவது பந்தயச் சீட்டு, எழும்பி வரும். தொகையைப் போட்டு உறுதி செய்ய வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டும் இந்தப் பந்தயத்துக்கு இன்-ப்ளே என்று பெயர்.

வீடியோவை ஒரு குழு தரும், ஆட்ஸை இன்னொரு குழு தரும், இரண்டையும் மேலும் கீழும் அடுக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

பார்ப்பதும் பந்தயம் கட்டுவதும் ஒரே இடத்தில் என்பது இணையம் வந்த பிறகு வந்த பழக்கமா?

இல்லை, அதற்கு முன்கதை உண்டு. பிரிட்டனில் 1961 மே மாதம் தெருவோரப் பந்தயக் கடைகள் சட்டபூர்வமாகத் திறந்தன. கடை இருக்கலாம், ஆனால் யாரும் அங்கே சொகுசாக உட்கார்ந்து பொழுதைக் கழிக்கக் கூடாது என்பது அரசின் எண்ணம். அதனால் டிவி கூடாது, தேநீர் கூடாது. வந்தோமா, கட்டினோமா, போனோமா என்று இருக்க வேண்டும். 1986இல்தான் டிவிக்கும் சூடான பானங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே செயற்கைக்கோள் வழியாகக் குதிரைப் பந்தயப் படத்தைக் கடைகளுக்கு அனுப்பும் எஸ்ஐஎஸ் சேவை வந்துவிட்டது.

அதாவது, கால் நூற்றாண்டு காலம் படத்தையும் பந்தயத்தையும் சட்டம் தெரிந்தேதான் பிரித்து வைத்திருந்தது. இந்தத் திரையில் வேலை செய்யும்போது எனக்கு அது அடிக்கடி நினைவுக்கு வரும்.

சரி, வடிவமைப்பில் உண்மையான சிக்கல் எது?

ஒரே திரையில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. வீடியோ காட்டுவது முடிந்துபோன நேரத்தை. ஆட்ஸ் காட்டுவது இந்த நொடியை. மற்ற சிக்கல்கள் முக்கால்வாசி இதிலிருந்து கிளைத்தவைதான்.

மைதானத்தில் கேமரா பிடித்த காட்சி சுருக்கப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பல சர்வர்கள் வழியாகக் கைபேசிக்கு வருகிறது. வீடியோவை இப்படித் துண்டுகளாக அனுப்ப ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு முதலில் 10 நொடி, பிறகு 6 நொடி என்று பரிந்துரைத்தார்கள். வீடியோ திக்காமல் ஓட வேண்டுமென்றால் பிளேயர் வழக்கமாக மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். மூவாறு பதினெட்டு நொடி அங்கேயே போயிற்று. வழியில் ஆகும் நேரம் தனி.

ஆட்ஸ் வரும் பாதையே வேறு. ஸ்போர்ட்ரேடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் மாதிரியான தரவு நிறுவனங்களின் ஆள் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பார். தாக்குதல் ஆபத்தான இடத்துக்கு வந்ததுமே கையிலிருக்கும் கருவியில் ஒரு தட்டு. போகும் செய்தி நாலைந்து எழுத்துதான். ஓரிரு நொடியில் வந்து சேர்ந்துவிடும். உடனே பந்தயம் பூட்டப்படும். சஸ்பெண்ட் என்பார்கள்.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு பயனர் சோதனையில்தான் நேரில் பார்த்தேன். வந்திருந்தவர் நடுவயது வேன் ஓட்டுநர். கையில் எங்கள் செயலி. பக்கத்து அறையில் எங்கள் ஆட்களே அதே ஆட்டத்தைச் சாட்டிலைட் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. திடீரென்று அங்கே ஒரே கூச்சல். இவர் கையிலிருந்த படத்தில் கோல்கீப்பர் சாவகாசமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். மனிதர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார். குனிந்து கைபேசியைப் பார்த்தார். பட்டன்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பூட்டு விழுந்திருந்தது. “அப்போ நான் பார்க்கிறது என்ன, ரெக்கார்டிங்கா?” என்று கேட்டார். படத்தின் மூலையில் சிவப்புக் கட்டத்தில் ‘லைவ்’ என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். அந்தச் சொல்லை எடுக்கலாமா என்ற பேச்சு அன்று சாயங்காலமே தொடங்கியது. எடுக்க எட்டு மாதம் ஆனது.

தாமதத்தைத் தொழில்நுட்பத்தால் ஒழித்துவிட முடியாதா?

குறைக்கலாம், ஒழிக்க முடியாது. 2019இல் ஆப்பிள் அறிவித்த குறைதாமத எச்எல்எஸ் சில நொடிகளுக்குள் கொண்டுவந்துவிடும். வீடியோ அழைப்புகளில் பயன்படும் வெப்ஆர்டிசி ஒரு நொடிக்கும் கீழே போகும். ஆனால் லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பச் செலவு கூடும், சிக்னல் மோசமான இடத்தில் படம் உடையும். ரயிலில் போகிறவருக்குப் படம் ஐந்து நொடி முந்தி வருவதைவிட நிற்காமல் வருவதுதான் முக்கியம்.

இதையெல்லாம் செய்தாலும் மைதானத்தில் இருப்பவர் உங்களுக்கு முன்னால்தான் இருப்பார். 2014 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸில் ஒரு பிரிட்டிஷ் இளைஞரைக் கைது செய்தார்கள். ஆடைக்குள் மறைத்த கருவியில் பாயிண்ட் விழ விழ வெளியே தட்டி அனுப்பினார் என்பது விவகாரம். பின்னால் வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஓரிரு நொடிக்கு அவ்வளவு மதிப்பு. கோர்ட்சைடிங் என்று இந்தக் காரியத்துக்குப் பெயரே இருக்கிறது.

அப்படியானால் ஆட்ஸையும் பதினைந்து நொடி தாமதமாகக் காட்டிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகுமே?

எல்லாரும் கேட்கும் கேள்வி, நானும் கேட்டேன். பழைய ஆட்ஸைக் காட்டி அதே விலைக்குப் பந்தயம் வாங்கினால், கோல் விழுந்ததைத் தெரிந்துகொண்டவர்கள் வரிசையில் நின்று கட்டுவார்கள். கடை ஒரே நாளில் காலி. பழைய ஆட்ஸைக் காட்டிவிட்டு வாங்கும்போது புது விலைக்கு மாற்றினால் வாடிக்கையாளரை ஏமாற்றியதாகும். இரண்டும் வேண்டாம்.

ஸ்கோரை மட்டும் வீடியோவோடு சேர்த்துத் தாமதப்படுத்திப் பார்த்தோம், கோல் முன்கூட்டியே தெரிந்து சுவை கெடாமல் இருக்கட்டும் என்று. வேலைக்கு ஆகவில்லை. ஸ்கோர் 0–0 என்று இருக்கும். கீழே எல்லாம் பூட்டிக் கிடக்கும். திறக்கும்போது ஒரு அணியின் ஆட்ஸ் 2.40இலிருந்து 1.45க்கு இறங்கியிருக்கும். கோல் என்று எழுதி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

பயனருக்கு இதை எப்படிச் சொல்வது?

சொல்வது கட்டாயமும்கூட. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் வைத்திருக்கும் தொழில்நுட்பத் தரங்களில் இன்-ப்ளேக்குத் தனிப் பகுதி உண்டு. உங்களிடம் இருப்பது கடைசித் தகவலாக இல்லாமல் போகலாம், நிறுவனத்துக்கோ மற்ற வாடிக்கையாளருக்கோ முன்னதாகத் தெரிந்திருக்கலாம் என்பதை வாடிக்கையாளர் அறிய வேண்டும் என்கிறது அது. பெரும்பாலான இடங்களில் இதை உதவிப் பக்கத்தின் நாலாவது பத்தியில் சாம்பல் எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விதிக்குச் சரி. மனிதருக்கு?

என் கருத்து: வீடியோவின் மூலையில், ‘லைவ்’ இருந்த இடத்தில், எண்ணாகவே போடுங்கள். ‘படம் குறைந்தது 14 நொடி பின்னால்’. இதை அளக்க வழி இருக்கிறது. எச்எல்எஸ் பட்டியல் கோப்பில் துண்டுகளுக்கு நாள்–நேர முத்திரை குத்தலாம். இப்போது திரையில் ஓடும் துண்டின் முத்திரையைச் சர்வர் நேரத்திலிருந்து கழித்தால் தாமதம் கிடைக்கும். கைபேசியின் கடிகாரத்தை நம்பாதீர்கள். கையால் நேரம் வைத்துக்கொள்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இன்னொன்று, அந்த முத்திரை பெரும்பாலும் சுருக்கும் இயந்திரத்தில்தான் விழுகிறது, கேமராவில் அல்ல. மைதானத்திலிருந்து அந்த இயந்திரம் வரை ஆன நேரம் கணக்கில் வராது. ‘சுமார்’ என்று போடாமல் ‘குறைந்தது’ என்று போடச் சொல்வது அதனால்தான்.

நிர்வாகக் கூட்டத்தில் “இப்படிப் போட்டால் யார் பந்தயம் கட்டுவார்கள்?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பாதி பேர் அமைதியாகிவிடுவார்கள்.

பந்தயத்தை உறுதி செய்த பிறகு ஏன் சில நொடி சுற்றிக்கொண்டே நிற்கிறது? சர்வர் மந்தமா?

வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறார்கள். இன்-ப்ளேயில் நீங்கள் அழுத்தியதும் பந்தயம் சில நொடி காத்திருப்பில் இருக்கும். அதற்குள் கோல், பெனால்ட்டி, சிவப்பு அட்டை எதுவும் நடக்காவிட்டால் ஏற்கப்படும். மைதானத்திலிருந்து தகவல் வைத்துக்கொண்டு கட்டுபவர்களைத் தடுக்க இது.

வடிவமைப்பில் செய்யும் தவறு, இதற்கு வெறும் சுழலும் வட்டத்தைப் போடுவது. நெட் போய்விட்டதோ என்று மறுபடி மறுபடி அழுத்துவார்கள். எத்தனை நொடி பாக்கி என்று எண்ணிக்கை காட்டுங்கள். முடிவு மூன்றில் ஒன்று: ஏற்கப்பட்டது, விலை மாறிவிட்டது, பூட்டப்பட்டது. மூன்றுக்கும் தனித்தனி வாசகம், மூன்றிலும் ‘உங்கள் பணம் எடுக்கப்பட்டது’ அல்லது ‘எடுக்கப்படவில்லை’ என்ற வரி முதலில். மனிதர் தேடுவது அதை மட்டும்தான்.

ஆட்ஸ் மாறினால் தானாக ஏற்றுக்கொள்ளும்படி வைக்கலாமா?

மூன்று தேர்வு தருவது வழக்கம்: எந்த மாற்றத்தையும் ஏற்க, கூடினால் மட்டும் ஏற்க, எதையும் ஏற்காதே. எதை முன்கூட்டியே டிக் செய்து வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். ‘கூடினால் மட்டும்’ என்பதைத் தாண்டி எதையும் முன்தேர்வாக வைக்காதீர்கள்.

ஆட்ஸை எந்த வடிவத்தில் காட்டுவது?

பிரிட்டனில் பழையவர்களுக்கு 5/2, அதாவது 2 போட்டால் 5 லாபம். ஐரோப்பாவில் 3.50, போட்டதும் சேர்த்து மூன்றரை மடங்கு. அமெரிக்காவில் +250, 100 போட்டால் 250 லாபம். மூன்றும் ஒரே கணக்குதான். நேரலைத் திரைக்குத் தசம வடிவம் நல்லது. 13/8 எப்போது 7/4 ஆனது, அது கூடுதலா குறைச்சலா என்று ஓடும் ஆட்டத்தில் யோசிக்க முடியாது. ஆனால் குதிரைப் பந்தயக்காரர்களிடம் பின்னத்தைப் பிடுங்காதீர்கள், திட்டுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர் அணி 2.50, டிரா 3.20, வெளியூர் அணி 2.90 என்று இருக்கிறது. நூறை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 40, 31.25, 34.48. கூட்டினால் 105.73. மூன்றிலும் சரியாகப் பிரித்துக் கட்டினால், எது நடந்தாலும் 100 பவுண்டு வாங்க 105.73 போட வேண்டும். அந்த மேல்தொகைதான் கடையின் லாபம். எந்தத் திரையிலும் இந்தக் கூட்டலைப் பார்க்க மாட்டீர்கள்.

பயனர்கள் “வேறு எதையோ அழுத்திவிட்டேன்” என்று புகார் செய்கிறார்கள். விரல் பிழையா?

பெரும்பாலும் உங்கள் பிழை. கோல் விழுந்ததும் ‘முதல் கோல் யார்’ என்ற வரிசை அர்த்தமில்லாமல் போய்விடும். நிரல் அதைத் தூக்கிவிடும். கீழே இருப்பவை எல்லாம் ஒரு படி மேலே ஏறும். ஒருவர் ‘டிரா’வைக் குறிவைத்து விரலை இறக்குகிறார், விரல் கண்ணாடியைத் தொடுவதற்குள் அங்கே ‘மொத்தம் 3 கோலுக்கு மேல்’ வந்து நிற்கிறது. ரயில் நகர்ந்த பிறகு படிக்கட்டில் கால் வைக்கிற கதை.

வரிசை காலாவதியானாலும் இடத்தைக் காலி செய்யாதீர்கள். பயனர் அடுத்த முறை உருட்டும்வரை சாம்பலாக அங்கேயே கிடக்கட்டும். புதியது எதுவும் மேலே நுழையக் கூடாது, கீழேதான் சேர வேண்டும். அப்புறம், ஒரு பட்டனின் இடமோ பொருளோ மாறிய அரை நொடிக்குள் விழும் தொடுதலை நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டோம். அதை எழுத ஒரு நாள்தான் ஆயிற்று. ஒப்புதல் வாங்கத்தான் நாளானது.

விஏஆர், அதாவது நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கும் முறை, நடக்கும் நேரம் இதில் தனி ரகம். கோல் என்றார்கள், ஸ்கோர் மாறியது, பிறகு இல்லை என்றார்கள், ஸ்கோர் திரும்பியது. ‘சரிபார்ப்பில்’ என்று ஒரு மூன்றாவது நிலை இல்லாமல் இந்தத் திரையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். வீடியோவில் ரசிகர்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள். கீழே ஸ்கோர் ஏற்கெனவே பழைய நிலைக்கு வந்திருக்கும்.

கேஷ் அவுட் பட்டனில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆட்டம் முடியும் முன்பே பந்தயத்தை நிறுவனத்திடமே திருப்பி விற்பதுதான் கேஷ் அவுட். 10 பவுண்டை 3.00 ஆட்ஸில் கட்டினீர்கள். ஜெயித்தால் 30 வரும். உங்கள் அணி கோல் போட்டு ஆட்ஸ் 1.50க்கு இறங்கிவிட்டது. 30ஐ 1.50ஆல் வகுத்தால் 20. நியாய விலை ஏறக்குறைய அது. திரையில் வருவதோ அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை என்று கடை இரண்டு தடவை லாபம் பார்க்கிறது.

வடிவமைப்பில் குறும்பு நடக்கும் இடம் வேறு. உங்கள் அணி பின்தங்கி ஆட்ஸ் 6.00 ஆகிவிட்டது. இப்போது பட்டன் பச்சையாக மின்னுகிறது: ‘4.60 பவுண்டு பெறுங்கள்’. பெறுவதா? 5.40 போய்விட்டது. இழப்புக்கு வெற்றியின் நிறத்தைப் பூசுவது இந்தத் தொழிலின் பழைய கைவரிசை. பட்டனின் மேல் ‘போட்டது 10, கிடைப்பது 4.60, நிகர இழப்பு 5.40’ என்று மூன்றையும் எழுதுங்கள். இடம் போதவில்லை என்று சொல்வார்கள். விளம்பரப் பட்டைக்கு இடம் இருந்ததே.

நிறங்கள், அணுகல்தன்மை?

ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று மட்டும் வைக்காதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. கால்பந்து பார்ப்பவர்களில் ஆண்கள் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை. அம்புக்குறி சேருங்கள்.

திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு ஆட்ஸ் மாறும்போதெல்லாம் படிக்க விட்டால், வர்ணனையே காதில் விழாது. ஒரு முறை அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கோயில் திருவிழாவில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நின்ற மாதிரி இருக்கும். பூட்டு விழுந்தது, ஸ்கோர் மாறியது ஆகிய இரண்டை மட்டும் தானாக அறிவித்தால் போதும். ஆட்ஸை அவர் கேட்டால் சொல்லுங்கள்.

வீடியோவின் மேலேயே பந்தயப் பட்டன் வைக்கலாமா?

வைக்கிறார்கள். ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் 2023இல் அமெரிக்கக் கால்பந்துக்குக் கொண்டுவந்த பெட்விஷன், படத்தையும் பந்தயத்தையும் ஒரே பிளேயருக்குள் சேர்க்கும் முயற்சிதான். நான் வேண்டாம் என்பேன். படத்தின் மேல் இருக்கும் பட்டனைப் படத்தில் தெரியும் நிலவரத்தின் விலையாகவே கண் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில்லை என்று மேலே பார்த்தோம். கைபேசியைப் படுக்கவைத்தால் ஆட்டம் மட்டும் வரட்டும். பந்தயம் வேண்டியவர் திருப்பிக்கொள்வார்.

ஆட்டம் பார்ப்பதற்கே கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்று வைப்பது சரியா?

இது வடிவமைப்பு முடிவு மாதிரி தெரியும், உண்மையில் வியாபார முடிவு. பிரிட்டனில் ‘கணக்கில் பணம் இருக்க வேண்டும், அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ஒரு பந்தயம் கட்டியிருக்க வேண்டும்’ என்பது பழகிப்போன நிபந்தனை. 2020 ஜனவரியில் அது வெடித்தது. இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பைக் கால்பந்து மூன்றாம் சுற்றில் டிவியில் வராத பல ஆட்டங்கள் பெட்365 முதலான பந்தயத் தளங்களில்தான் வந்தன. கோப்பையை நடத்தும் கால்பந்துச் சங்கம் (எஃப்ஏ) ஒளிபரப்பு உரிமையை ஐஎம்ஜி என்ற இடைநிறுவனத்துக்கு விற்றிருந்தது, அவர்கள் பந்தய நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கோப்பை ஆட்டம் பார்க்கப் பந்தயக் கணக்கு திறக்க வேண்டுமா என்று அமைச்சர் வரை கேட்டார்கள். சில நாட்களில் அந்தப் பந்தய நிறுவனங்கள், தங்களுக்கு மட்டும் என்றிருந்த ஒளிபரப்பு உரிமையை விட்டுக்கொடுத்தன.

உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: நிபந்தனையை முதல் திரையிலேயே தெளிவாகச் சொல்வது. பிளே பட்டனை அழுத்திய பிறகு, ஆட்டம் தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது, ‘பணம் போடுங்கள்’ என்று சொல்வது கழுத்தில் துண்டு போட்டு இழுப்பது.

பொறுப்புக் கருவிகளை எங்கே வைப்பது?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. ‘என்னைப் பந்தயம் கட்ட விடாதீர்கள்’ என்று பதிந்துகொள்ளும் கேம்ஸ்டாப் பதிவேட்டில் ஒரு முறை பெயர் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனமும் கதவைச் சாத்த வேண்டும். ஜெர்மனியில் திரையில் ஒரு பட்டன் எப்போதும் இருக்க வேண்டும். அழுத்தினால் உடனே 24 மணி நேரம் பூட்டு. கேள்வி கிடையாது, ‘நிச்சயமாகவா?’ என்ற கெஞ்சல் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த பட்டன் அதுதான்.

ஆஸ்திரேலியா இன்னும் சுவாரசியம். அங்கே ஆட்டம் தொடங்கிய பிறகு இணையத்தில் பந்தயம் கட்டக் கூடாது, தொலைபேசியில் கட்டலாம். பார்த்தார்கள், ஒரு செயலியில் கைபேசியின் மைக்கை ஆன் செய்துவிட்டு, வழக்கம்போல விரலால் தட்டி, ‘இது தொலைபேசி அழைப்பு’ என்றார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். இந்தத் துறையில் வடிவமைப்பாளரின் மூளை எதற்கெல்லாம் கேட்கப்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சட்டம் கேட்காவிட்டாலும் ஒன்று செய்யலாம். இந்த ஆட்டத்தில் இதுவரை எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு திரும்பியது, மிச்சம் என்ன என்பதை ஸ்கோருக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். ஆட்டத்துக்கு ஸ்கோர் இருக்கிறது, பணத்துக்கும் இருக்கட்டும்.

பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து பார்த்தால்?

அதற்காகத்தான் பந்தயப் பகுதியை முழுவதும் மடக்கி ஆட்டத்தை மட்டும் பார்க்கும் வழி ஒரே தொடுதலில் இருக்க வேண்டும் என்கிறேன். மடக்கினால் அடுத்த ஆட்டத்திலும் மடங்கியே இருக்க வேண்டும். தானாக விரியக் கூடாது.

நோட்டிபிகேஷன்?

கோல் செய்தி போதும். “ஆட்டம் சூடுபிடிக்கிறது, இப்போது கட்டுங்கள்” வேண்டாம்.

ஸ்ட்ரீமிங் நிறுவனங்களே பந்தயத்தில் இறங்கினால் ஜெயிக்குமே, ஏன் எல்லாரும் செய்வதில்லை?

சுலபமாக இல்லை. அமெரிக்காவில் ஃபூபோ என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் தன் சொந்தப் பந்தயச் சேவையை 2021 இறுதியில் தொடங்கி 2022 அக்டோபரில் மூடிவிட்டது. விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னின் பெயரில், பென் என்ற சூதாட்ட நிறுவனத்தோடு சேர்ந்து 2023 நவம்பரில் வந்த ஈஎஸ்பிஎன் பெட்டும் பத்து வருட ஒப்பந்தத்தில் இரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தது. பார்ப்பவர் எல்லாம் கட்டுபவர் ஆகிவிடமாட்டார்.

இந்தியாவில் இப்படிச் செய்யலாமா?

கூடாது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமில்லாமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம் வரை. எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே 2023 முதல் தனிச் சட்டம் உண்டு. இங்கே உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வடிவமைத்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. ‘சும்மா டெமோ’ என்று டெலிகிராமில் வரும் வேலைகளுக்குப் பதிலே போடாதீர்கள்.

அண்ணா, மனசாட்சி உறுத்தவில்லையா?

உறுத்தியது. நேர்மையாகச் சொன்னால், ‘நாம் இல்லாவிட்டால் இதைவிட மோசமாக வேறொருவன் செய்வான்’ என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. நாங்கள் நிகர இழப்பைக் காட்டியது சிலருக்காவது உதவியிருக்கும். அதே திரை இன்னும் வேகமாக, இன்னும் வழுக்கலாக ஆனதற்கும் நாங்கள்தான் காரணம். ஒரு நாள் ஊரிலிருந்து அப்பா, “என்னப்பா வேலை?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதாகச் சொல்லிவிட்டு, தான் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

இந்த அனுபவம் வேறு எங்காவது பயன்படுமா?

இரண்டு கடிகாரச் சிக்கல் இருக்கும் எல்லா இடத்திலும். பங்குச் சந்தைச் செயலி, ஏலம், நேரலை வினாடி வினா. ஹாட்ஸ்டார் 2018 ஐபிஎல் சமயத்தில் கொண்டுவந்த ‘வாட்ச் அண்ட் ப்ளே’ நினைவிருக்கிறதா? அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று கணிக்க வேண்டும். பணம் கட்டத் தேவையில்லை. பணம் இல்லாத ஆட்டத்தில், நாங்கள் செய்ய முடியாமல் தவித்ததைச் செய்யலாம்: கேள்வியை வீடியோ ஓடைக்குள்ளேயே நேர முத்திரையோடு பதித்துவிட்டால், அம்பத்தூரில் பத்து நொடி பின்னால் பார்ப்பவருக்கும் ஆண்டிபட்டியில் இருபது நொடி பின்னால் பார்ப்பவருக்கும் அவரவர் படத்தில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதுதான் கேள்வி மூடும். சர்வரில் பதிலோடு அந்த முத்திரையையும் சேர்த்து வாங்குங்கள், வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பரிசுப் பொருள் பெரிதாகப் பெரிதாக, டிவியில் முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கைபேசியில் பதில் போடுபவர்கள் வருவார்கள். பரிசைக் கூப்பன் அளவில் வைத்தால் அந்தத் தலைவலி குறையும்.